எழுதித் தர ஒருவரும் இல்லை

கூலண்ட் மாற்றினாராம். அவ்வளவுதானாம். நுகர்வோர் ஆணையத்தில் எதிர்தரப்பான மெக்கானிக் கொடுத்திருக்கும் பதிலுரையில் அப்படித்தான் இருக்கிறது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கீழே வைத்தவர், கேஸ்கெட் மாற்றியாச்சு, லேத்துக்கு அனுப்பி ஹெட் ஃபேஸ் பண்ணியாச்சு என்று சொல்லி 38,000 ரூபாயை வாங்கி எண்ணிப் பையில் வைத்தவர், இன்றைக்குக் கூலண்ட் மட்டும் மாற்றியதாகப் பிரமாண வாக்குமூலம் தருகிறார். அப்படியானால் ஜிபேயில் நான் அனுப்பிய 10,000 எதற்கு? அது அவர் எனக்குக் கொடுத்திருந்த கைமாற்றாம், நான் திருப்பிக் கொடுத்தேனாம். மீதி 28,000 ரொக்கம். ரொக்கத்துக்கு ஏது வாய்?

பில் கேட்காமலா இருந்தேன்? கேட்டேன். "பில்லு போட்டா ஜிஎஸ்டி பதினெட்டு பர்சென்ட் சேரும்ணே, உங்களுக்குத்தான் நட்டம். ஊருக்குள்ளயேதானே இருக்கேன், எங்க ஓடிறப் போறேன்?" என்றார். ஆலங்குடிக்குப் போங்கள், பொன்னமராவதிக்குப் போங்கள், கறம்பக்குடிக்குப் போங்கள், இதே வசனத்தைக் கேட்கலாம். பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். டெல்லியில் எழுதிய அந்த வரி எங்கள் ஊர் மெக்கானிக் ஷெட்டுகளின் கதவைத் தட்டியதே இல்லை.

நான் அறந்தாங்கிக்காரன். மஞ்சள் போர்டு டீசல் கார் ஒன்று, நானே ஓட்டுகிறேன், மாதாமாதம் டியூ கட்டுகிறேன். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிப் பிழைக்கிற ஊர்கள் எங்கள் பக்கம். ஆகையால் கார் வாடகை என்றாலே பெரும்பாலும் திருச்சி விமான நிலையம்தான். ராத்திரி விமானத்துக்கு ஆளை நேரத்தில் இறக்கிவிடுகிறவன் என்ற ஒரு பெயர், அதுதான் இந்தத் தொழிலில் முதல்.

அந்தப் பெயர், ஹெட் வேலை முடிந்து வண்டியை எடுத்த பிறகு, கீரனூருக்கு முன்னால் நடுரோட்டில் போனது. கோலாலம்பூர் போகிற பையன், அவன் அம்மா அப்பா, தங்கச்சி, டிக்கி நிறையப் பெட்டி. நார்த்தாமலை தாண்டியதும் டெம்பரேச்சர் முள் விறுவிறுவென்று ஏறியது. ஓரம் கட்டுவதற்குள் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தது. வண்டி ஓட்டுகிற எவனுக்கும் அதன் பொருள் தெரியும்: கூலண்டும் ஆயிலும் கலந்துவிட்டன, கேஸ்கெட் நிற்கவில்லை. அந்த வழியாக வந்த வேனைக் கைகாட்டி நிறுத்தி அவர்களை ஏற்றிவிட்டேன். நல்லவேளை, பையன் விமானத்தைப் பிடித்துவிட்டான். அவன் அப்பா என்னைத் திட்டவில்லை. "வண்டி சரியில்லைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா" என்று மட்டும் கேட்டார். வண்டியைச் சரிசெய்து வந்திருக்கிறேன், காசு கொடுத்திருக்கிறேன் என்று அந்த இருட்டில் யாரிடம் சொல்ல? அவர்கள் ஊரிலிருந்து அதற்குப் பிறகு எனக்கு ஒரு போன் இல்லை.

கட்டி இழுத்து வந்து அதே ஷெட்டில் விட்டேன். வேறு எங்கே விடுவேன், வேலை செய்தவர் அவர்தானே? "நான் பார்த்தது ஹெட்டு வேலை. இது இன்ஜின் வேலை. ரெண்டும் வேற" என்றார். இன்ஜின் பிரிக்க 70,000 ஆகும் என்றார். வேண்டாம், வண்டியைக் கொடுங்கள் என்றால், பார்த்த வேலைக்குக் கணக்கை முடித்துவிட்டு எடுத்துப் போங்கள் என்று சாவியை மேசைக்குள் போட்டார். விசாரித்தால் அதற்கும் சட்டம் இருக்கிறதாம். உழைப்பும் திறமையும் போட்ட பொருளைக் கூலி வரும்வரை பிடித்து வைத்துக்கொள்ள 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு இடம் தருகிறது. அதே சட்டத்தில் 151ஆவது பிரிவும் இருக்கிறதே! ஒப்படைத்த பொருளைத் தன் சொந்தப் பொருளைப் போல அக்கறையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறதே! 170 எல்லா ஷெட்டுக்கும் தெரிகிறது, 151 எவனுக்கும் தெரியவில்லை. காவல் நிலையத்தில் மனு ரசீது கொடுத்து, சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் பேசி வண்டியை வாங்கித் தந்தார்கள், மேலும் ஒரு தொகை கொடுத்தபின்.

நுகர்வோர் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். காகிதத்தில் அது எங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதியது போலத்தான் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். எதிராளி எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மிஞ்சிப்போனால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச்சில் அடித்துச் சொல்லிவிட்டது. மூன்று மாதத்தில் வழக்கு முடிய வேண்டும், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. வாய்தா என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்கள் எழுதிய சட்டம் போலும்.

மஞ்சள் போர்டு, ஆகவே இவர் வியாபாரி, நுகர்வோரே இல்லை என்று எதிர்தரப்பு வக்கீல் எழுந்தார். பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவனும் நுகர்வோர்தான் என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதுவும் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில். அதை நான் படித்து வைத்திருந்தேன். ஆனால் அடுத்த கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை: ஷெட் வேலையால்தான் இன்ஜின் போனது என்பதற்கு ஆதாரம் என்ன?

வயிறு எரிவது இங்கேதான். திருச்சியில் அனுபவசாலி மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். ஹெட்டைத் தூக்கியதுமே சொல்லிவிட்டார்: "லேத்துக்கே போகலண்ணே. கோணல் அப்படியே இருக்கு. கேஸ்கெட்டும் டூப்ளிகேட். போல்ட்டெல்லாம் பழசு, டார்க் வச்சு டைட் பண்ணவே இல்ல, கைக்கு வந்தபடி முறுக்கியிருக்கான்." எனக்கு உயிர் வந்தது. இதை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "ஒரே தொழில்ல இருக்கோம். நாளைக்கு நானும் அவனும் ஒரே ஸ்பேர் கடையில நிக்கணும். வாயால எத்தனை தடவை வேணும்னாலும் சொல்றேன், எழுத மாட்டேன்." கம்பெனி சர்வீஸ் சென்டரிலும் கேட்டேன். வெளி ஆள் கைவைத்த வண்டிக்கு நாங்கள் சான்று தருவதில்லை என்றார்கள்.

எதிர்தரப்புக்குத் திருச்சியில் காட்டியதே அல்வாவாகிவிட்டது. திருச்சியில் திறந்தபோது வேறு ஆள் கைபட்டுவிட்டது, கோளாறு அவர் செய்ததாகவும் இருக்கலாம் என்கிறார்கள். திறந்தால் சாட்சி கெட்டது என்கிறான், திறக்காமல் இருந்தால் சாட்சியே இல்லை என்கிறான். நான் என்னதான் செய்திருக்க வேண்டும், ஐயா? இன்ஜினுக்குள் என்ன நடந்தது என்பது அதைக் கழற்றி மாட்டியவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். நிரூபிக்கிற பாரம் முழுவதும் ஸ்பானர் பிடிக்கத் தெரியாத என் தலையில்.

ஹூண்டாய் கார் ஒன்றில் விபத்தின்போது ஏர்பேக் விரியாத வழக்கு 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டுச் சொல்ல நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று நீதிபதிகள் அதில் சொன்னார்கள். படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த நியாயம் பெரிய கம்பெனியின் பெரிய காருக்கு மட்டும்தானா? அறந்தாங்கி டிரைவரும் போல்ட்டின் இறுக்கத்தை அளந்து காட்ட வேண்டியதில்லை என்று யாராவது சொல்லக் கூடாதா?

சாலையில் விபத்து நடந்தால் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து, பிரேக் எப்படி இருந்தது, இயந்திரக் கோளாறு உண்டா என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். அவருக்கு எந்த மெக்கானிக்கையும் பார்த்துப் பயம் இல்லை. ஷெட்டில் கெட்ட வண்டிக்கு மட்டும் அப்படி ஒருவர் ஏன் இல்லை? ஆய்வுக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, வக்கீல் கமிஷனரைப் போட்டு நிபுணரை அழைத்துப் போகலாம் என்கிறார்கள். செலவை முதலில் கட்ட வேண்டியது நான். நின்றுபோன வண்டிக்கு டியூ கட்டிக்கொண்டே அதையும் எங்கிருந்து கட்டுவேன்?

தமிழ்நாடு அரசுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். மாவட்டத்துக்கு ஒருவர் போதும். ஆய்வாளரோ, அரசு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் நடத்துகிற ஆசிரியரோ, யாராக இருந்தாலும் சரி. புகார் பதிவானதும் வண்டியை யாரும் தொடுவதற்கு முன்னால், இரண்டு தரப்பும் நிற்க, அவர் திறந்து பார்க்கட்டும். எங்களால் கட்ட முடிகிற ஒரு கட்டணத்தை நிர்ணயியுங்கள். அறிக்கை எனக்கு எதிராக வந்தால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கையெழுத்துப் போட ஒரு ஆளைக் கொடுங்கள்.