உரம் எடுக்கும் சேலை

குன்னூர் மலைச்சரிவின் தேயிலைத் தோட்ட லைன் வீடானாலும் கீழே சமவெளிக் கிராமமானாலும், கைக்குழந்தை விடாமல் அழுதால் முதலில் எழும் பேச்சு, "உரம் விழுந்திருக்கு" என்பதுதான்; கழுத்து சுளுக்கிக்கொண்டது என்று அர்த்தம். உடனே உரம் எடுக்கப் பழைய சேலை ஒன்று விரியும். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, குழந்தை அதற்குள் இப்படியும் அப்படியும் உருளும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குகிறவர்களும் உண்டு.

இது வைத்தியமே இல்லை, ஆபத்து.

பிறந்த குழந்தையின் தலை, உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அதைத் தாங்கக் கழுத்துத் தசைக்கு இன்னும் வலு வந்திருக்காது; அதனால்தான் தலை சாய்கிறது. அந்த நிலையில் பிள்ளையை வேகமாக உருட்டினால், உலுக்கினால், மூளையை ஒட்டிய மெல்லிய ரத்தக் குழாய்கள் அறுந்து உள்ளே ரத்தம் கசியலாம்.

"எங்க பிள்ளைக்கு உரம் எடுத்ததும் சரியாச்சே" என்பார்கள். பச்சிளங்குழந்தையின் அழுகை ஆறாவது வார வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே தணியும். கழுத்து நிற்பதும் அதே மாதங்களில்தான். வளர்ச்சி செய்த வேலைக்குச் சேலை பெயர் வாங்கிக்கொண்டது.

கழுத்துக்கு வலு சேர்ப்பது குப்புறக் கிடந்து தலை தூக்கும் முயற்சிதான். ஊட்டிக் குளிருக்குப் பயந்து நாள் முழுக்கக் கம்பளியில் சுற்றி மல்லாத்தியே வைத்தால் அது எங்கே நடக்கும்? தவழாத குழந்தையை, விழித்திருக்கும்போது, பல தடவையாகப் பிரித்து நாளுக்கு அரை மணி நேரமாவது குப்புறப் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல். தூங்கும்போது மட்டும் மல்லாத்திப் படுக்க வைக்க வேண்டும்.

குளிருக்கும் வழி இருக்கிறது. தாய் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்து, நெஞ்சின் மேல் பிள்ளையைக் குப்புறக் கிடத்தி, முதுகை மட்டும் கம்பளியால் போர்த்தலாம். அம்மா முகத்தைப் பார்க்க அது மூக்கை உரசிக்கொண்டே தலையைத் தூக்கும். இரண்டு நொடி ஆடி ஆடி நிற்கும். பொத்தென்று நெஞ்சில் சாயும். மறுபடி தூக்கும். வேலைக்குப் போகும் தாய்க்கு இதற்கு நேரமும் உண்டு: உயிருடன் இருக்கும் முதல் இரண்டு குழந்தைகள் வரை சட்டப்படி 26 வாரச் சம்பள விடுப்பு கிடைக்கும். தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாய்க்கும் அது உரிமை. கழுத்து நிற்கும் மாதங்கள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும்.

தலை எப்போதும் ஒரே பக்கம் திரும்பியிருந்தால் கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். பிசியோதெரபியில் பெரும்பாலும் சரியாகும். நான்கு மாதம் கடந்தும் கழுத்து நிற்கவில்லையா, கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டுங்கள். அழுகையோடு காய்ச்சல் இருந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். உதகையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

பாட்டிமார்களின் பாசத்தில் குறையே இல்லை. தயவுசெய்து அந்தச் சேலையை மட்டும் விரிக்காதீர்கள்.