ராஜேந்திர சோழன் இருக்கட்டும், கொள்ளுப்பாட்டி பேர் என்ன?

ஆடித் திருவாதிரை நெருங்கினால் போதும், ஜெயங்கொண்டத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் போகிற ரோட்டில் ஃப்ளெக்ஸ் முளைத்துவிடும். நடுவில் வாளோடு ராஜேந்திர சோழன். கீழே பாஸ்போர்ட் சைஸில் இருபது இளைஞர்கள். மேலே கொட்டை எழுத்தில் "ஆண்ட பரம்பரை". பத்தடி தள்ளி இன்னொரு ஃப்ளெக்ஸ். அதே ராஜேந்திரன், சாதி மட்டும் வேறு. ஒரே மனிதருக்கு இத்தனை சாதியில் வாரிசு எப்படி என்று யாரும் கேட்பதில்லை. :-)

அந்த இருபது பேரில் ஒருவரை நிறுத்தி, "தம்பி, உங்க கொள்ளுப்பாட்டி பேர் என்ன? எந்த ஊர்லேர்ந்து வாக்கப்பட்டு வந்தாங்க?" என்று கேட்டால்? பாட்டி பேர் வரும். பாட்டியின் அம்மா என்றதும் தலையைச் சொறிவார். 1025-ல் கடாரம் வென்ற கதை தலைகீழ்ப் பாடம். 1925-ல் சொந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்பது தெரியாது.

இதற்கு ரெடிமேடாக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள் படித்தவர்கள். "தமிழனுக்கு எழுதி வைக்கிற பழக்கமே இல்லை சார், வெள்ளைக்காரனைப் பாருங்க." இது பாதிப் பொய். எழுதி வைத்திருக்கிறார்கள். அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலேயே இருக்கிறது. அதைத் திறந்து பார்க்க விடுவதில்லை, பார்க்க வேண்டும் என்று கேட்பவரும் இல்லை. கரையான் மட்டும் அனுமதி கேட்காமல் படித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் அந்த வெள்ளைக்காரன் கதை. ஸ்காட்லாந்தில் ஏதோ ஒரு மலையடிவாரக் கிராமத்தில் ஆடு மேய்த்தவரின் பேரனுக்குப் பேரன், இன்றைக்கு கனடாவில் உட்கார்ந்துகொண்டு இருநூறு வருஷத்துக்கு முந்தைய பாட்டனைக் கண்டுபிடிக்கிறார். எப்படி? அங்கே ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் சபை எழுதி வந்தது. 1855 ஜனவரி 1 முதல் அரசாங்கமே பிறப்பு இறப்பைப் பதிய ஆரம்பித்தது. அதற்கான சட்டம் 1854-ல் வந்தபோதே, சபையின் கையிலிருந்த பழைய பேரேடுகளை அரசுப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழி செய்துவிட்டார்கள். 900-க்கும் மேற்பட்ட பங்குகளின் ஏடுகள் ஒரே இடத்துக்கு வந்தன. இன்று அவ்வளவும் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் என்ற அரசுத் தளத்தில் படமாகக் கிடைக்கின்றன. அந்த நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளின் ஏடுகளும் அதே தளத்தில் உண்டு. அந்த ஜனங்களுக்கு வரலாற்று உணர்வு ரத்தத்தில் ஊறியிருந்ததால் நடந்ததல்ல இது. சட்டம் போட்டு, செலவு செய்து, செய்தார்கள். அவ்வளவுதான்.

இப்போது ஏலாக்குறிச்சிக்கு. கொள்ளிடக் கரையோரம், அரியலூர் மாவட்டம். வீரமாமுனிவர் அடைக்கல மாதாவுக்குக் கோயில் கட்டிய ஊர். அவர் திருக்காவலூர் என்று பேர் வைத்துக் கலம்பகம் பாடினார் என்பதைத் தமிழ் இலக்கிய மாணவர்கள் பரீட்சைக்குப் படித்திருப்பார்கள். அந்த வட்டாரம், ஜெயங்கொண்டம் பக்கம் வரதராஜன்பேட்டை, பெரம்பலூர்ப் பக்கம் அன்னமங்கலம், பாளையம் எல்லாம் கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. அந்த மறைமாவட்டமே 1899-ல்தான் பாண்டிச்சேரியிலிருந்து பிரிந்தது. ஆனால் கத்தோலிக்கச் சபையில் பேரேடு எழுதும் விதி அதைவிட மிகப் பழையது. 1563-ல் ட்ரெண்ட் பொதுச்சங்கம் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் எழுதச் சொன்னது. 1614-ல் வந்த உரோமைச் சடங்கு நூல் இறந்தவர் பட்டியலையும், வீடுவாரியாக ஆள் கணக்கையும் சேர்த்தது. ஆக, ஒரு கூலிக்காரர் வீட்டுக் குழந்தைக்குத் தலையில் தண்ணீர் ஊற்றினாலும், பிள்ளை பேர், அப்பா பேர், அம்மா பேர், ஞானத்தகப்பன், ஞானத்தாய், தேதி, சாமியார் கையெழுத்து என்று ஒரு வரி விழுந்தாக வேண்டும். ஜமீன்தாருக்கு வம்சாவளி எழுதப் புலவர் இருந்தார். கூலிக்காரருக்கு இந்த ஒரு வரிதான்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று. இந்த ஏடுகளில் பெண்கள் தொலைந்து போவதில்லை.

சிட்டா, பட்டா, அடங்கல் எதை எடுத்தாலும் ஆம்பளை பேர்தான். பெண் கல்யாணமாகி வேறு ஊர் போனதோடு அவள் கதை முடிந்தது. ஆனால் சபைச் சட்டப்படி ஒரு பெண்ணின் திருமணம் நடந்ததும், அவள் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் போக வேண்டும். அங்கே அவளுடைய பழைய வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், யாரோடு, எந்த ஊரில், எந்தத் தேதியில் என்று குறிக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இது கண்டிப்பான விதி. அந்த ஓரக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். கொள்ளுப்பாட்டியின் தாய் வீடு எது என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் தரக்கூடிய தாள் இந்த இரண்டு மாவட்டத்திலும் வேறெங்கே இருக்கிறது?

இன்னொரு சுவாரஸ்யம். மாமன் மகள், அத்தை மகள் கல்யாணம் இங்கே உரிமை. சபைக்கு அது தடை. அதனால் முறைப்பெண்ணைக் கட்ட வேண்டுமென்றால் விலக்கு வாங்க வேண்டும், அதை ஏட்டில் குறிக்க வேண்டும். ரோமாபுரி எந்த உறவைத் தடுக்கப் பார்த்ததோ அந்த உறவையே எழுத்தில் காப்பாற்றி வைத்தது! இரண்டு குடும்பங்களுக்குள் தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்து எடுத்தது அந்த விலக்குக் குறிப்பிலேயே தெரிந்துவிடும்.

படிப்பது சுலபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பழைய ஏடுகள் லத்தீன். பேத்ருஸ் என்று எழுதியிருந்தால் ஊரில் அவர் ராயப்பன். பவுலுஸ் என்றால் சின்னப்பன், யோவான்னேஸ் அருளப்பன், யோசேப்புஸ் சூசை. ஸ்காட்லாந்துக்காரருக்குக் குடும்பப் பேர் துணைக்கு வரும். இங்கே இனிஷியல்தான், அதுவும் ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறும். ஒரே தெருவில் ஆறு சூசை இருப்பார்கள். ஆனாலும் ஒரு துப்பு இரண்டு நாட்டுக்கும் பொது. அங்கே மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பேரை வைப்பது வழக்கமாக இருந்தது. இங்கேயும் அதே கதைதான். பேரன் என்ற சொல்லுக்குள்ளேயே பேர் இருக்கிறதே.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் யாரும் தொடுவதில்லை? அந்தப் பேரேடு பீரோவை விட்டு வெளியே வருவது சான்றிதழுக்கு மட்டும்தான். கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கும் முன்னால் ஞானஸ்நான நகல் வேண்டும், எடுத்துக் கொடுப்பார்கள். மூன்று தலைமுறைக்கு முந்தையதைக் கேட்டால், "எதுக்கு?" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி மாதிரி தோன்றும், ஆனால் நியாயமில்லை. சொந்தப் பாட்டி பேரைக் கேட்பவர் காரணம் சொல்ல வேண்டுமா? சபையின் சொந்த ஏடு, சபை இஷ்டம் என்று வாதாடுபவர்கள் 1872-ன் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தைப் புரட்ட வேண்டும். கத்தோலிக்கப் பங்குகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருமணப் பதிவுகளின் விவரத்தைத் தலைமைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும் என்று அதில் இருக்கிறது. நூற்றைம்பது வருஷமாக அரசாங்கத்துக்குக் காட்டுகிற ஏட்டைப் பேரனுக்குக் காட்டக் கூடாதாம்.

இனிமேல் வருவதுதான் நிஜமான சிக்கல். இதை மறைத்துவிட்டு "திற, திற" என்று கத்துவது நேர்மையில்லை. பழைய பதிவேடுகள் பலவற்றில் சாதியும் எழுதப்பட்டிருக்கிறது. 1950-ன் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணைப்படி இந்துக்கள் மட்டும்தான் பட்டியல் சாதி. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்று கிறிஸ்தவராக வாழ்பவர் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. அதாவது ஞானஸ்நான ஏட்டில் ஒரு வரி, ஒரு பிள்ளையின் காலேஜ் சீட்டையோ வேலையையோ பறிக்கலாம். பாட்டன் பேரைத் தேடி ஒருவர் திறக்கிற அதே பக்கத்தை, பக்கத்து வீட்டுக்காரன் புகார் எழுதத் திறக்கலாம். சாதி போகவில்லை, வயலுக்கும் கல்லறைக்கும் கோயிலுக்கும் கூடவே வந்தது என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் மதம் மாறியதைக் காட்டிச் சலுகையை மட்டும் எடுத்துக்கொள்கிற சட்டம் அநியாயம். 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதற்காக ஆணையம் போட்டார்கள்.

ஆனால் அந்த அநியாயத்துக்குப் பரிகாரம் ஏட்டைக் கரையானுக்குக் கொடுப்பதா? ஸ்காட்லாந்து இதற்கும் ஒரு எளிய வழி வைத்திருக்கிறது. பிறப்பு 100 வருஷம், திருமணம் 75, இறப்பு 50. அதற்குள் வருகிற பதிவுகளின் படம் இணையத்தில் கிடையாது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இங்கே இன்னும் கறாராக மூன்றுக்குமே நூறு என்று வைத்தாலும் சரிதான். 1925-க்கு முந்தைய ஏடுகள் படமெடுக்கப்பட்டு வாரிசுகள் பார்க்கக் கிடைக்கட்டும், மற்றது பூட்டிலேயே இருக்கட்டும். எதையும் எடுக்காமல் வைத்திருப்பவர்கள் யாருடைய ரகசியத்தையும் காப்பாற்றவில்லை.

கிறிஸ்தவர்கள் சரி, மற்ற பெரும்பான்மைக்கு என்ன? அவர்கள் பாடு இன்னும் மோசம். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் குலதெய்வம் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வருகின்றன. அந்தக் குடும்பங்களின் தலைமுறை வரிசை அங்கே எந்த ஏட்டிலும் இல்லை. ஹரித்துவாரில் பண்டாக்கள் வைத்திருக்கிற வம்சாவளி நோட்டுகளை அமெரிக்காவிலிருந்து வந்து படமெடுத்துப் போனார்கள். இங்கே அதற்கு ஈடாக இருப்பது பழைய மணியக்காரர் எழுதிய பிறப்பு இறப்புக் கணக்கு. 1899-லேயே சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டம் வந்தது. குழந்தை பேர் இல்லாமல் "ஆண்", "பெண்" என்று மட்டும் பதிந்தவை அதில் ஏராளம். 1980-ல் பரம்பரை கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது நல்ல காரியம். அவர்கள் வீட்டுப் பரணில் கிடந்த ஏடுகள் என்ன ஆயின என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். அதற்கப்புறம் மாவட்டம் வேறு பிரிந்தது. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர், 2001-ல் அதிலிருந்து அரியலூர், 2002-ல் திரும்பச் சேர்ப்பு, 2007 நவம்பரில் திரும்பப் பிரிப்பு. ஒவ்வொரு தடவையும் ஆபீஸ் மாறும், பைல் மூட்டை லாரி ஏறும்.

இதில் பெரிய வேடிக்கை, ஊரை விட்டுப் போன ஏழையின் பேர் பத்திரமாக இருக்கிறது. 1860 முதல் 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பல் ஏறினார்கள். ஒவ்வொருவருக்கும் பேர், தகப்பன் பேர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம் எல்லாம் எழுதினார்கள். கரும்புத் தோட்ட முதலாளிக்கு ஆள் தப்பி ஓடாமல் பிடிக்கத் தேவைப்பட்ட கணக்கு அது, அன்பினால் எழுதியதல்ல. ஆனாலும் டர்பனில் இருக்கிற கொள்ளுப்பேரன் அதை வைத்துக்கொண்டு திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் ஒரு ஊரைத் தேடி வர முடிகிறது. வந்து, அந்த ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பி வகையறா யார் என்று கேட்டால், காட்ட ஊரில் தாள் இல்லை.

செலவு பெரிதாக ஆகிவிடும் என்பார்கள். முன்னூறு பக்க ஏட்டை ஒரு நல்ல போனும் ஜன்னல் வெளிச்சமும் இருந்தால் ஒரு மத்தியானத்தில் எடுத்துவிடலாம். முறையாகச் செய்ய வேண்டுமென்றால் பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் அழியும் ஆவணங்களுக்கென்றே நிதி கொடுத்து வருகிறது. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அப்படி நிதி பெற்று, தமிழ்நாட்டு ஊர்களில் தனியார் வீடுகளில் கிடந்த ஓலைகளையும் காகிதங்களையும் படமெடுத்தது. ஃப்ளெக்ஸுக்குச் செலவு செய்கிறவர்களுக்கு ஹார்டு டிஸ்க் வாங்குவது கஷ்டமா என்ன?

ஏட்டைவிட அவசரம் ஒன்று இருக்கிறது. பங்குச்சாமியார்கள் சில வருஷத்தில் மாறிப் போவார்கள், உபதேசியார் ஊரிலேயே இருப்பார். எந்தத் தெருவில் எந்த வீடு, எந்த வீட்டுப் பெண் எந்த ஊருக்குப் போனாள், 1918 விஷக்காய்ச்சலுக்கு அப்புறம் எந்தக் குடும்பம் எங்கே குடிபெயர்ந்தது என்று தன் தகப்பன் சொல்லக் கேட்டவர் அவர். ஒரே பக்கத்தில் மூன்று சவரிமுத்து வந்தால், இவர் மேலத்தெரு, இவர் களத்துமேட்டு வீடு என்று அவர்தான் விரல் வைத்துக் காட்ட முடியும். அப்படிப்பட்டவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.