முழுப்பெயர் என்ன?

சென்ற வாரம் ஊரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். முதுகலை படிக்கத் தில்லி வருகிறார். விடுதியில் இடம் கிடைக்கவில்லை. வெளியே அறை தேடும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. தண்ணீர், மின்சாரம், முன்பணம் என்று மூன்று வரியில் விடையளித்துவிட்டேன். பிறகுதான் உறுத்தியது. அவர் எதிர்கொள்ளப்போகும் முதற்கேள்வியை நான் குறிப்பிடவே இல்லை. அதை எழுத வேண்டுமானால் என்னைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. நடுவண் பல்கலைக்கழகங்களில் தேசியத் தகுதித் தேர்வு வழியான உதவித்தொகை பெறாத முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய். 2012இல் உயர்த்தப்பட்ட தொகை அது. தேர்வின்வழி வரும் இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் உண்டு. நான் முதல் வகையினன். முனீர்க்காவில் நான் இருக்கும் ஒற்றை அறைக்கு வாடகை 11,500 ரூபாய். இருவர் பகிர்ந்துகொள்வதால் என் பங்கு 5,750. மிஞ்சும் 2,250 ரூபாயில் மாதம் ஓடாது என்பதால் இரவுகளில் மெய்ப்புப் பார்க்கிறேன், மொழிபெயர்க்கிறேன்.

முனீர்க்கா, பேர் சராய், கட்வாரியா சராய் ஆகியவை தென்தில்லியின் பழைய ஊர்கள். நகரம் அவற்றைச் சூழ்ந்து வளர்ந்தபோது விளைநிலங்களை அரசு கையகப்படுத்தியது. வீடுகள் இருந்த பகுதி மட்டும் ‘லால் டோரா’ எனப்படும் எல்லைக்குள் எஞ்சியது. அவ்வெல்லைக்குள் கட்டட விதிகள் நெடுங்காலம் தளர்வாகவே இருந்தன. நிலம் இழந்த குடும்பங்களுக்கு வாடகையே வேளாண்மையாயிற்று. ஐந்து மாடி, மாடிக்கு நான்கு அறை, எதிர்வீட்டுச் சுவரைக் கைநீட்டித் தொடக்கூடிய சன்னல் என்று கட்டடங்கள் எழுந்தன. ஆகவே வீட்டு உரிமையாளர்களைக் கொடியவர்களாகக் காட்டுவது என் நோக்கமன்று. அவர்கள் இல்லையேல் எங்களில் பலர் இந்நகரில் படித்திருக்கவே முடியாது.

ஆனால் இங்கு எதுவும் எழுத்தில் இருப்பதில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவுசெய்தாக வேண்டும்; அதைத் தவிர்க்கவே நாடெங்கும் பதினொரு மாத ஒப்பந்தம் வழக்கமாயிற்று. எங்கள் சந்தில் அந்தப் பதினொரு மாதத் தாளும் அரிது. தில்லியில் வீடுகளுக்கு மாதம் 200 அலகு வரை மின்கட்டணம் இல்லை. வாடகைக்கு இருப்போரும் இச்சலுகையைப் பெறும்படி 2019இல் ஒரு திட்டம் வந்தது. அதற்கு ஒப்பந்தமோ ரசீதோ காட்ட வேண்டும். நான் ரசீது கேட்டேன். வேறு அறை பார்த்துக்கொள்ளும்படி வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். அலகுக்கு ஒன்பது ரூபாய் கொடுத்து வருகிறேன்.

இனி அந்த முதற்கேள்வி. “பூரா நாம் க்யா ஹை?” முழுப்பெயர் என்ன? மொழியியல் படித்தவனுக்கு இது எளிய பாடம். கேட்கப்படும் தகவல் ஒன்று; வேண்டப்படும் தகவல் வேறொன்று. வட இந்தியாவில் பெரும்பாலும் குடும்பப்பெயரே சாதியைச் சொல்லிவிடும். எனக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் பெயர் முன்னெழுத்தாக நிற்கிறது. சாதிப் பட்டங்களைத் துறப்பதென்று 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்ததன் பயன், தலைமுறைகள் கடந்து, முனீர்க்காவின் சந்தில் எனக்குக் கிட்டியது. பெயரில் விடை கிடைக்காதவர் கேள்வியை மாற்றிக்கொள்கிறார்: இறைச்சி உண்பீர்களா?

நானும் மலப்புறத்தைச் சேர்ந்த ஆய்வு நண்பர் ஒருவரும் சேர்ந்துதான் அறை தேடினோம். இப்போது நான் இருக்கும் அறையின் அறிவிப்புப் பலகையைப் பார்த்து முதலில் தொலைபேசியில் அழைத்தவர் அவர். பெயரைக் கேட்டார்கள், சொன்னார், அறை காலையிலேயே போய்விட்டது என்று விடை வந்தது. மாலையில் அதே எண்ணை நான் அழைத்தேன். உடனே வந்து பார்க்கச் சொன்னார்கள். முழுப்பெயர் கேட்டார்கள், முன்னெழுத்தை விளக்கினேன். இறைச்சி பற்றிக் கேட்டார்கள், உண்பதில்லை என்றேன். அது பொய். நடந்ததை நண்பரிடம் சொன்னபோது, “ஒருவருக்காவது கிடைக்கட்டும், எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். எடுத்துக்கொண்டேன். வேறொருவரோடு பகிர்ந்துகொண்டேன்.

அவருக்குப் பட்லா ஹவுஸ் பகுதியில் இடம் கிடைத்தது. மெட்ரோவின் மெஜந்தா வழித்தடத்தில் வந்துபோகிறார். கடைசி வண்டியைப் பிடிக்க இரவு பத்து மணிக்கே நூலகத்தில் புத்தகத்தை மூடுகிறார். நான் நள்ளிரவு வரை இருந்துவிட்டு நடந்தே அறை சேர்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சன்னலைச் சாத்திக்கொண்டு முட்டை வேகவைக்கிறேன். ஓடுகளைப் பையில் கட்டி வளாகத்தின் குப்பைத்தொட்டியில் போடுகிறேன். இதை வேடிக்கைக் கதையாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் உடனிருக்கும்போது மட்டும் சொன்னதில்லை.

இதைத் தனி அனுபவமென்று ஒதுக்க இயலாது. சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் தில்லித் தலைநகர வட்டாரத்தில் தொலைபேசியிலும் நேரிலும் வீடு கேட்டுச் சோதித்தனர். தலித்துகளும், அவர்களினும் மிகுதியாக முஸ்லிம்களும் மறுக்கப்பட்டனர் என்ற முடிவு 2015இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் வெளிவந்தது.

தன் வீட்டை யாருக்குத் தருவது என்பது உரிமையாளரின் விருப்பமல்லவா என்று கேட்கலாம். தன் சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் மூதாட்டி அவ்வாறு கேட்டால் எனக்குத் தயக்கம் வரும். இருபது அறை கட்டிப் பலகை தொங்கவிடுபவர் நடத்துவது வணிகம். கடையிலும் உணவகத்திலும் தங்கும் விடுதியிலும் சாதி, மதம் பார்த்து எவரையும் தடுக்கலாகாது என்று அரசமைப்பின் 15ஆம் உறுப்பு சொல்கிறது. ஒருநாள் தங்கும் விடுதிக்கு உள்ள விதி ஓராண்டு தங்கும் அறைக்கு இல்லை.

வாடகைச் சட்டங்களும் கைகொடுக்கவில்லை. தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1958இல் வந்தது; 1988 திருத்தத்துக்குப் பின் மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகையை அது தொடுவதில்லை. மாற்றாக 1995இல் இயற்றப்பட்ட சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. 2021இல் நடுவணரசு வகுத்த மாதிரி வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. வீட்டு முன்பணத்துக்கு இரு மாத வரம்பு வைக்கிறது. மாநிலங்கள் ஏற்றால்தான் அதற்கு உயிர். அதிலும், பிறப்பைக் காரணம் காட்டி வீடு மறுக்கலாகாது என்று ஒரு வரி இல்லை.

‘வாடகை’ வடமொழி வழி வந்த சொல். வண்டிக்கும் பாத்திரத்துக்கும் அதுவே. வீட்டுக்கென்று தமிழில் ‘குடிக்கூலி’ என்ற தனிச்சொல் உண்டு. குடி என்பது வீட்டையும் அதில் வாழ்வோரையும் ஒருங்கே குறிக்கும். கூலியை வாங்கிக்கொண்டு குடியை மறுப்பதுதான் இன்றைய நடைமுறை.

விடுதிகள் கட்டப்படும் வரை பல்கலைக்கழகங்கள் ஒன்று செய்யலாம். சுற்றுவட்டார அறைகளைத் தாமே ஒப்பந்தத்தில் எடுத்து மாணவருக்கு ஒதுக்கலாம். உரிமையாளருக்கு வாடகை உறுதி; மாணவருக்கு ரசீது உறுதி; முழுப்பெயர் கேட்பவர் எவருமிரார். ஆய்வாளர் அமைப்புகள் உதவித்தொகை உயர்வோடு இதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

தம்பிக்கு மீண்டும் எழுதினேன்: இருவராகத் தேடினால், இருவர் பெயரையும் முதலிலேயே சொல்லுங்கள், ஒருவரை மறுக்கும் அறையை இருவரும் விடுங்கள். நான் செய்யாததை அவரிடம் கேட்கிறேன் என்பதையும் சேர்த்தே எழுதினேன்.

இப்பதிவை வெளியிடுமுன் நண்பரிடம் படிக்கக் கொடுத்தேன். முட்டைக் கதை அவருக்கு முன்பே தெரியுமாம்.