படகில்லாதவரும் மீனவர்தான்

படப்பைப் பக்கம் வரப்பு வளையில் கைவிட்டு வயல் நண்டு எடுப்பவரும், எண்ணூர் கழிமுகத்துச் சேற்றில் கொக்கிக் கம்பியால் கழி நண்டை இழுப்பவரும் செய்வது ஒரே தொழில்தான். இருவரிடமும் படகு கிடையாது. நடந்து போக ஒரு கரை, நண்டு வளை தோண்ட நல்ல மண், விஷம் கலக்காத தண்ணீர் இருந்தால் போதும். மீனவர் என்றாலே படகையும் விசைப்பொறியையும் தேடும் நிர்வாகத்தின் கண்ணில் இவர்கள் எளிதில் படுவதில்லை. இது மாற வேண்டும்.

கரையில் நின்று நண்டு பிடிப்பது பொழுதுபோக்கு போலத் தெரியலாம். அதற்குள் இருக்கும் அறிவு சாதாரணமானதல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல்நீர் வழக்கத்தைவிட அதிகம் வற்றும். அப்போதுதான் அலையாத்தி வேர்களுக்கு அடியில் உள்ள வளைகள் வெளியே தெரியும். வாயில் புதுச்சேறு தள்ளியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். கம்பி ஓட்டில் தட்டும் உணர்வை வைத்தே நண்டு எப்படித் திரும்பி உட்கார்ந்திருக்கிறது என்று கணித்து, கொடுக்கு முறியாமல் வெளியே எடுப்பார்கள். வெளியே வந்ததும் கொடுக்குகளைக் கயிற்றால் கட்டிவிட வேண்டும். வேறு சிலர் இரும்பு வளையத்தில் வலை கட்டி, நடுவில் மீன்தலை வைத்து, நீரில் இறக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் தடவித் தடவியே இறால் பிடித்துப் பறியில் சேர்ப்பார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் கழிமுகத்துக்குள் புகுந்தது. அலையாத்தி மரங்களின் அடியெல்லாம் கறுத்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. தமிழக அரசு கடுமையாகப் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், சேதமான படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் அறிவித்தது. படகுக்கான உதவி நியாயமானதே. ஆனால் எண்ணெய் படிந்த சேற்றுக்கு யார் கணக்குப் போடுவது? படகுள்ளவர் இன்னும் தூரம் போய் வலை வீசலாம். கால்நடையாகப் பிடிப்பவருக்கு அந்தச் சேறுதான் தொழிற்கருவி. அது கெட்டால் வேறிடம் இல்லை.

முகத்துவாரச் சேறு கெடுவதில் படப்பைக்கும் பங்கு உண்டு. மணிமங்கலம், ஆதனூர், ஒரத்தூர் வட்டார ஏரிகளின் உபரிநீர் சேர்ந்துதான் அடையாறு உருவாகிறது. சுமார் 42 கிலோமீட்டர் ஓடிப் பட்டினப்பாக்கம் அருகே கடலைத் தொடுகிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளை நம்பி இந்த ஏரிகளைச் சுற்றி வீட்டுமனைகள் பெருகிவருகின்றன. இங்கே ஓடையில் விடும் கழிவுநீர் இங்கேயே நின்றுவிடாது. அடையாற்று முகத்துவாரத்துச் சேறு வரை அது போகும்.

வயல் நண்டின் நிலை இன்னும் சிக்கலானது. கழி நண்டின் தாய் கடலுக்குப் போய் லட்சக்கணக்கில் முட்டை பொரிக்கும். குஞ்சுகள் அலையோடு திரும்பி வரும். ஒரு கழிமுகம் காலியானாலும் கடல் மீண்டும் நிரப்ப வாய்ப்புண்டு. வயல் நண்டுக்கு அந்த வழி இல்லை. அது முட்டைகளை வயிற்று மடலுக்குள் சுமந்து, சின்னஞ்சிறு நண்டுகளாகவே வெளியே விடுகிறது. ஓர் ஏரியும் அதன் ஆயக்கட்டும் அழிந்தால், அங்கிருந்த நண்டுக் கூட்டம் திரும்புவது அரிது.

கையால் பிடிப்பவர்களும் குஞ்சு, சினை பார்க்காமல் அள்ளுகிறார்களே என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பெண் கழி நண்டைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. ஆண் நண்டும் 15 சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறைந்தால் நீரில் விட்டுவிட வேண்டும். வயிற்று மடல் அகலமா குறுகலா என்று பார்த்தாலே ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். கரையில் நிற்பவருக்கு இது ஒரு நொடி வேலை. ஆனால் மீனவராகவே பதிவு செய்யப்படாதவரிடம் விதியை மட்டும் கொண்டுபோனால் யார் கேட்பார்? உரிமையும் விதியும் சேர்ந்தே வர வேண்டும். கையால் பிடிப்பவரைச் சேர்த்துக்கொள்வதற்குப் பிச்சாவரத்தில் முன்னுதாரணம் உண்டு. கிள்ளை எம்.ஜி.ஆர். நகரில் கையால் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த இருளர் குடும்பங்களை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அலையாத்திக் காட்டு மீட்பில் சேர்த்துக்கொண்டது.

மீன்வளத் துறை செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. கையாலும் கரையிலிருந்தும் பிடிப்போரைப் பெண்கள் உட்படத் தனிப்பிரிவாகப் பதிவு செய்து அட்டை தரலாம். கடலோர மேலாண்மை வரைபடங்களில் அவர்கள் இறங்கும் சேற்றுத் திட்டுகளையும் நடைபாதைகளையும் குறிக்கலாம். மாசு இழப்பீட்டைப் படகோடு சேர்த்து, இழந்த வேலைநாட்களுக்கும் கணக்கிடலாம். படப்பை வட்டார ஏரிகளில் வெள்ளத் தடுப்புக்காகக் கரையைக் கட்டும்போது முழுவதையும் கான்கிரீட்டால் மூடாமல், நண்டு வளை தோண்ட மண்கரையை விட்டுவைப்பது நீர்வளத் துறையின் கையில் இருக்கிறது. அடுத்த கோடைத் தூர்வாரலுக்கான திட்ட மதிப்பீட்டிலேயே அதைச் சேர்த்துவிடலாம்.