மானா, எண்ணெயா?

குழந்தைகளே, நம் எம்.பி.யிடம் மக்கள் ரோடு, தண்ணீர், வேலை வேண்டும் என்று கேட்பார்கள். அமெரிக்காவில் உள்ள அலாஸ்கா மாநிலத்தின் செனட்டர் லிசா முர்கோவ்ஸ்கியிடம் பலர் கேட்பது என்ன தெரியுமா? எண்ணெய் எடுக்க அனுமதி!

அலாஸ்காவின் கஜானா எண்ணெயை நம்பித்தான் இருக்கிறது. எண்ணெய்ப் பணத்தில் உருவான நிதியிலிருந்து, குழந்தைகள் உட்பட அங்கே வசிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையும் கிடைக்கிறது.

ஆனால், எண்ணெய் இருப்பதாகக் கருதப்படும் கடலோரச் சமவெளி, ஆர்க்டிக் வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கிறது. காரிபு மான்கள் கூட்டங்கூட்டமாக வந்து குட்டி போடும் இடம் அது. இந்த மான்களை நம்பி வாழும் க்விச்சின் பழங்குடியினர், அங்கே தோண்டக் கூடாது என்கின்றனர். அதே பகுதியில் உள்ள காக்டோவிக் கிராமத்து இனுப்பியாட் மக்களில் பலர், வருமானம் வந்தால்தான் பள்ளி, மருத்துவ வசதி கிடைக்கும் என்கின்றனர். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, இல்லையா?

முர்கோவ்ஸ்கியின் முயற்சியால், எண்ணெய் எடுக்க வழி செய்யும் சட்டம் 2017ல் நிறைவேறியது. ஆனால், 2021ல் நடந்த முதல் ஏலத்தில் பெரிய நிறுவனங்கள் எதுவும் கலந்துகொள்ளவில்லை. 2025 ஜனவரியில் நடந்த ஏலத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை! ஆனாலும், அதே ஆண்டு வந்த புதிய சட்டம், இன்னும் நான்கு ஏலங்களாவது நடத்தச் சொல்கிறது.

ஓட்டுப் போட்டவர்களுக்காகப் பேசுவது மக்கள் பிரதிநிதியின் கடமை. மானுக்கு ஓட்டு இல்லை. அதற்காக யார் பேசுவது? எண்ணெய் மண்ணுக்கடியில் காத்திருக்கும். குட்டி போட இடமில்லாத மான் காத்திருக்காது. நீங்கள் செனட்டராக இருந்தால் என்ன முடிவெடுப்பீர்கள்? வகுப்பில் பேசிப் பாருங்கள்.