உலக மரபு வலையமைப்பில் மலையகம் எங்கே?
புலம்பெயர்ந்த தொழிலாளரின் வரலாற்றைப் பேணும் சர்வதேச முயற்சிகளில் மலையகத் தமிழரும் சம பங்காளிகளாக வேண்டும் என்பதையே அவர்கள் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதையொட்டி 2023இல் நினைவுகூரப்பட்ட ‘மலையகம் 200’ வலியுறுத்துகிறது. இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய மொரிஷியஸின் ஆப்பிரவாசி காட் 2006இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. பிஜி, கயானா, சுரினாம், டிரினிடாட் டொபாகோ ஆகியவை கூட்டாக முன்வைத்த இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் ஆவணங்கள் 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின. அக்கூட்டில் இலங்கை இல்லை. இங்கு வந்தோர் ஒப்பந்தத்தில் அன்றிக் கங்காணி (தோட்ட மேற்பார்வையாளர்) முறையில் திரட்டப்பட்டவர்கள் என்பது மெய்தான். ஆயினும் ஆட்சேர்ப்பு முறையின் வேறுபாடு ஒரு சமூகத்தின் நினைவை ஒதுக்கிவைக்க நியாயமாகாது. கண்டி நகரம் 1988 முதல் உலக மரபுரிமைத் தலம். ஆனால் அதே மாவட்டத்து நாவலப்பிட்டி, கம்பளைப் பகுதிகளின் லயன் குடியிருப்புகளுக்கும் தோட்டப் பதிவேடுகளுக்கும் அத்தகைய கவனிப்பு இல்லை. புலப்படாப் பண்பாட்டு மரபு குறித்த யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டுச் சமவாயம், மரபைத் தாங்கும் சமூகத்தின் பங்கேற்பைக் கோருகிறது. எனவே காமன் கூத்து எனும் நாட்டார் கூத்தையும் தோட்டத்துப் பாடல்களையும் ஆவணப்படுத்தும் குழுக்களில் கலைஞர்களும் தொழிலாளர்களும் வாக்குரிமையுடன் அமர வேண்டும். இலங்கை அரசு இந்தியாவுடனும் மொரிஷியஸுடனும் கூட்டு ஆவணத் திட்டத்துக்கு முன்வர வேண்டும். மலையக மக்களைக் கலந்தாலோசிக்காமல் தயாரிக்கப்படும் எந்த விண்ணப்பத்தையும் ஏற்கலாகாது.