பாட்டைக் கேட்டார்கள், பாடியவரை?

1980-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி இங்கிலாந்தில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. அதன் பெயர் "குளோசர்". மான்செஸ்டர் நகரத்து "ஜாய் டிவிஷன்" என்ற ராக் இசைக்குழு பாடியது. மின்சாரக் கிதாரும் டிரம்மும் சேர்ந்து முழங்கும் மேல்நாட்டு இசைக்குத்தான் ராக் என்று பெயர்.

இது அந்தக் குழுவின் இரண்டாவது தட்டு. முதல் தட்டு 1979-ம் ஆண்டு ஜூன் மாதம் வந்து நல்ல பெயர் வாங்கியது. முதல் தட்டில் பெயர் வாங்கியவர்களுக்கு இரண்டாவது தட்டு ஒரு சோதனை. இந்த வாலிபர்கள் அந்தச் சோதனையில் தேறினார்கள். மொத்தம் ஒன்பது பாட்டுகள். இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் 6-வது இடம். இன்றும் ராக் இசையின் சிறந்த தட்டுகளைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

ஆனால், அதைப் பாடியவர் அந்த வெற்றியைப் பார்க்கவில்லை. தட்டு வெளிவருவதற்குச் சரியாக இரண்டு மாதத்துக்கு முன், மே 18-ந் தேதி, அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் பெயர் இயன் கர்ட்டிஸ். வயது 23.

யார் இந்த இயன்?

இவர் மாக்கிள்ஸ்பீல்டு என்ற ஊரில் வாழ்ந்தவர். அங்கே அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஊழியர். உடல் குறை உள்ளவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பது அவர் பணி. வலிப்பு நோய் கண்ட ஒரு பெண் அங்கே வேலை தேடி வந்தாள். பிறகு அவள் இறந்துபோன செய்தி இயனுக்கு எட்டியது. அவளை எண்ணி அவர் எழுதிய பாட்டு முதல் தட்டிலேயே இருக்கிறது.

அதே நோய் அவருக்கும் வந்தது! 1979-ம் ஆண்டு ஜனவரியில் டாக்டர்கள் அதை வலிப்பு நோய் என்று கண்டு சொன்னார்கள். அப்போதுதான் அவர் குழுவுக்குப் பெயர் வரத் தொடங்கிய நேரம்.

வலிப்பு உள்ளவர்களுக்கு நல்ல தூக்கம் வேண்டும். சிலருக்கு மின்னி மின்னி எரியும் விளக்கும் ஆகாது. பாடகரின் பிழைப்போ இதற்கு நேர் விரோதம். இரவெல்லாம் கச்சேரி, பயணம், கண்ணைப் பறிக்கும் விளக்குகள். அக்காலத்து வலிப்பு மருந்துகளில் சில, மனத்தையும் சோர்வடையச் செய்யக்கூடியவை. இவற்றோடு, வீட்டில் மனைவியோடு மனத்தாங்கல் வேறு.

இயன் மேடையில் கைகளை வெட்டி வெட்டி ஆடுவார். சில இரவுகளில், அது ஆட்டமா, வலிப்பா என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை!

ஓய்வு இல்லாத மாதங்கள்

1980-ம் ஆண்டு மார்ச் மாதம் லண்டனில் "குளோசர்" ஒலிப்பதிவு நடந்தது. அது முடிந்த கையோடு, ஏப்ரல் 4-ந் தேதி ஒரே இரவில் லண்டனில் இரண்டு மேடைகளில் பாடினார்கள். மேடையிலேயே இயனுக்கு வலிப்பு வந்தது. அடுத்த சில நாட்களிலேயே அவர் உயிரை விட முயன்றார். மருத்துவமனையில் காப்பாற்றினார்கள். அதை அடுத்துப் பரி என்ற ஊரில் கச்சேரி. அங்கும் அவரை மேடை ஏற்றினார்கள்!

அடுத்து அமெரிக்கப் பயணம். மே 19-ந் தேதி விமானம் ஏற வேண்டும். அதற்கு முந்திய நாள்தான் அவர் உயிர் பிரிந்தது.

குழுவினர் கல் நெஞ்சக்காரர்களா? இல்லை. பெர்னார்டு சம்னர், பீட்டர் ஹூக், ஸ்டீபன் மாரிஸ் மூவரும் அவர் வயது வாலிபர்கள். கேட்டால், "எனக்கு ஒன்றுமில்லை" என்பதே இயனின் பதில். அவர்கள் நம்பினார்கள். இயன் எழுதிய சொற்களைத் தாங்கள் கூர்ந்து கேட்கவில்லை என்று பிற்காலத்தில் அவர்களே வருந்தினார்கள். துயரத்தை அவர் ஒளிக்கவில்லை. பாட்டாகவே பாடி வைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அதை வெறும் பாட்டு என்று எண்ணிவிட்டார்கள்.

நோயா பாடியது?

"துன்பம்தான் கலைஞனை உயர்த்துகிறது" என்று சிலர் பேசுகிறார்கள். நாம் இதை ஒப்பவில்லை. "குளோசர்" சிறந்ததற்குக் காரணம் நால்வரின் உழைப்பும், தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட்டின் திறமையும்தான். நோய் ஒரு பாட்டையும் எழுதவில்லை. இனி எழுதியிருக்கக்கூடிய பாட்டுகளை எல்லாம் அது பறித்துக்கொண்டது.

மற்ற மூவரும் "நியூ ஆர்டர்" என்ற பெயரில் மீண்டும் எழுந்து உலகப் புகழ் பெற்றார்கள். இயன் இருந்திருந்தால் அவரும் வளர்ந்திருக்க மாட்டாரா?

நாம் செய்ய வேண்டியது

வலிப்பு சாபமல்ல, நோய். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் 100 பேரில் சுமார் 70 பேர் வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம்.

மனச் சோர்வும் அப்படியே. "செத்துவிடலாம் போலிருக்கிறது" என்று வீட்டில் ஒருவர் சொன்னால், விளையாட்டுப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். "உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மனப் பாரம்தான் குறையும். அவரைத் தனியே விடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

நன்றாக வேலை செய்கிறவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். நன்றாகப் படிக்கும் பிள்ளையும், சிரித்துக்கொண்டே சமைக்கும் தாயும், ஒரு நாளும் லீவு போடாத தந்தையும் உள்ளே நொந்து கிடக்கலாம். வேலையைப் பாராட்டும்போதே ஆளையும் ஒரு வார்த்தை விசாரிப்போம். அமெரிக்கப் பயணத்தைத் தள்ளிப் போட்டிருக்கலாம். போன உயிரை அழைக்க முடியுமா?